நனைந்த மரம் ஏன் வளைகிறது?



கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையில், மேற்கே நீரோடி முதல் கிழக்கே ஆரோக்கியபுரம் வரை, மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குளச்சல், கடியபட்டணம், முட்டம் போன்ற ஊர்களில் பல தலைமுறைகளாக மக்கள் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்று வந்தனர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் வேகமாகப் பெருகிவிட்டன. ஆயினும் கட்டுமரம் நமக்குக் கற்பிக்கும் அறிவியல் பழையதாகிவிடவில்லை.

கடலிலிருந்து திரும்பிய கட்டுமரத்தை மீனவர் தண்ணீரில் மிதக்க விட்டு வீட்டுக்குப் போவதில்லை. பாரமான அதனைக் கரைக்கு இழுத்து வந்து மணலின்மேல் ஏற்றுவார்கள். கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியே பிரித்துக் காயவிடுவது தமிழகக் கடற்கரையின் பழைய வழக்கம். மறுநாள் மீண்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்காக? மரம் மிதக்கும் பொருள்தானே? தண்ணீரிலேயே விட்டு வைத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை கண்டால், மழையில் நனைந்த கதவு ஏன் மூட மறுக்கிறது, நனைந்த மரக் கருவியை எப்படி மீட்பது ஆகியவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

மிதப்பது எது?

மரத்தை ஓர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அது நெடுங்குழாய்களின் கட்டு போலத் தோன்றும். அக்குழாய்கள் மரத்தின் செல்கள் ஆகும். உயிருள்ள மரத்தில் அவற்றின் வழியே நீர் மேலே ஏறுகிறது. வெட்டிக் காய்ந்த மரத்தில் குழாய்களின் உள்ளே காற்று நிரம்பியிருக்கிறது. குழாய்ச் சுவர்கள் செல்லுலோஸ், லிக்னின் முதலிய பொருள்களால் ஆனவை. அந்தச் சுவர்ப்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். நீரின் அடர்த்தி 1 கிராம்தான். அப்படியானால் சுவர்ப்பொருள் நீரில் மூழ்க வேண்டும்! மரத்தை மிதக்கச் செய்வது அதனுள் அடைபட்டிருக்கும் காற்றே.

இதனால்தான் கட்டுமரத்துக்குத் தேக்கு போன்ற கனத்த மரங்களைத் தேடுவதில்லை. அல்பீசியா, மலைவேம்பு போன்ற இலேசான மரங்களே ஏற்றவை. இவற்றில் குழாய்ச் சுவர்கள் மெல்லியவை. காற்றுக்கு இடம் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டுமரத்தின் மொத்தக் கன அளவு அரை கன மீட்டர் என்றும், காய்ந்த நிலையில் அம்மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 350 கிலோகிராம் என்றும் கொள்வோம். அதன் எடை 175 கிலோகிராம். அது முழுவதும் அமிழ்ந்தால் இடம்பெயரும் கடல்நீரின் எடை சுமார் 512 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 337 கிலோகிராமே அது தாங்கக்கூடிய உச்சப் பாரம். இரண்டு மீனவர்களுக்கு 120 கிலோகிராம், வலைக்கும் துடுப்புக்கும் 50 கிலோகிராம் என்று கழித்தால், மீனுக்கு 167 கிலோகிராம் மிஞ்சுகிறது.

இப்போது அதே மரம் 150 கிலோகிராம் நீரைக் குடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கும் பாரம் 187 கிலோகிராமாகக் குறைந்துவிடும். ஆட்களையும் வலையையும் கழித்தால் மிஞ்சுவது வெறும் 17 கிலோகிராம்! ஒரு பெரிய அலை வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தடிகளைக் காயவைப்பது மீனவரின் உயிரையும் பிழைப்பையும் காக்கும் வேலை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மரத்துக்குள் இரண்டு வகை நீர்

மரத்துக்குள் செல்லும் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. முதலாவது இடம் குழாய்ச் சுவர். செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு நீரின்மேல் பற்று அதிகம். நீர் மூலக்கூறுகள் அவற்றின் இடையே நுழைந்து ஒட்டிக்கொள்கின்றன, சுவர் தடிக்கிறது. இதனைப் பிணைந்த நீர் என்பர். சுவர்கள் கொள்ளுமளவு கொண்ட பிறகு, எஞ்சிய நீர் குழாயின் உள்ளீட்டில் தேங்குகிறது. இது தனி நீர்.

சுவர் நிறைந்து, உள்ளீடு காலியாக இருக்கும் நிலைக்கு நார்த் தெவிட்டு நிலை என்று பெயர். பெரும்பாலான மரங்களில் இது 30 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் அமைகிறது. அதாவது, 100 கிராம் உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீர்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. 30 விழுக்காட்டுக்கு மேல் எவ்வளவு நீர் சேர்ந்தாலும் மரம் மேற்கொண்டு வீங்குவதில்லை. எடை மட்டுமே கூடுகிறது. 30 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் கூடினால் மரம் வீங்கும்; குறைந்தால் சுருங்கும். கட்டுமரம் கனத்துப்போவதற்குத் தனி நீர் காரணம். கதவு இறுகுவதற்கும் பலகை வளைவதற்கும் பிணைந்த நீர் காரணம்.

வீக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றா?

ஒன்றல்ல. வெட்டிய தடியின் முகத்தில் வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். பச்சை மரம் முழுவதும் காயும்போது, அந்த வளையத்தை ஒட்டிய திசையில்தான் அது மிக அதிகமாகச் சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஏறத்தாழ அதில் பாதியே சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டத்தில் சுருக்கம் 0.1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தேக்கு நன்றாக நிலைத்து நிற்கும் மரம் எனப் பெயர் பெற்றது. அதிலும் வளையத் திசையில் சுமார் 5.8 விழுக்காடு, ஆரத் திசையில் சுமார் 2.5 விழுக்காடு சுருக்கம் உண்டு.

ஒரு பலகையின் இரு பக்கங்களும் ஒரே அளவில் நனைந்தால் அது சீராகப் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் நீள முயலும். காய்ந்த பக்கம் இடம் தராது. பலகை வளைந்துபோகும்.

சிறிய வேறுபாடு, பெரிய வளைவு

நீளவாட்டத்தில் 0.1 விழுக்காடுதானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இதற்கு ஈட்டித் துப்பாக்கி நல்ல எடுத்துக்காட்டு. மூச்சை அடக்கி மூழ்கி மீன் வேட்டையாடுவோர் உலகின் பல கடற்கரைகளில் பயன்படுத்தும் கருவி இது. ஒரு நீண்ட மரத் தண்டு, அதன் மேல்முகத்தில் ஈட்டி படுத்திருக்கும் காடி, ஈட்டியைச் செலுத்தும் ரப்பர் பட்டை, ஒரு விசை ஆகியவை அதன் உறுப்புகள். தேக்கால் செய்யப்பட்ட தண்டுகளும் உண்டு. காடி நேராக இருந்தால்தான் ஈட்டி நேராகப் போகும்.

தண்டின் நீளம் 120 சென்டிமீட்டர், தடிமன் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மேற்பூச்சு தேய்ந்துபோன அடிப்பக்கம் மட்டும் நீரைக் குடித்து 0.1 விழுக்காடு நீண்டுவிட்டது. வேறுபாடு 1.2 மில்லிமீட்டர். இதனைத் தடிமனாகிய 30 மில்லிமீட்டரால் வகுத்தால், தண்டு வளைந்த கோணம் 0.04 ரேடியன். நீளத்தை இந்தக் கோணத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் நடுப்பகுதியின் வளைவு கிடைக்கும். 1,200 × 0.04 ÷ 8 = 6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஐந்து மடங்கு வளைவாகப் பெருகிவிட்டதைப் பாருங்கள்!

இதைத் தவிர்க்கவே, கைதேர்ந்தவர்கள் ஒரே கட்டையில் தண்டைக் கடைவதில்லை. மெல்லிய பட்டிகளை, நார் ஓட்டம் ஒன்றுக்கொன்று எதிராக அமையுமாறு திருப்பி வைத்து, நீர் புகாத பசையால் ஒட்டுகிறார்கள். ஒரு பட்டி வளைய முயலும் திசைக்கு எதிர்த்திசையில் அடுத்த பட்டி இழுக்கும். தண்டு நேராக நிற்கும். பிளைவுட் பலகையில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதும் இதே கருத்தால்தான். 1980களில் முட்டத்தில் இருந்த படகு கட்டும் மையம் கடலுக்கேற்ற பிளைவுட்டைக் கொண்டு மீன்பிடிப் படகுகளைக் கட்டியது.

ஆணியா, கயிறா?

20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகை வளையத் திசையில் 5 விழுக்காடு வீங்கினால், 1 சென்டிமீட்டர் அகலம் கூடும். அதன் இரு ஓரங்களையும் ஆணியால் இறுக்கியிருந்தால் என்ன ஆகும்? ஒன்று ஆணி பிடுங்கிக்கொள்ளும். அல்லது பலகை பிளக்கும். கயிறு அப்படியல்ல. மரம் பருத்தால் சற்று இறுகும், சுருங்கினால் தளரும், தளர்ந்ததை மறுபடி இறுக்கிக் கட்டலாம். கட்டுமரத்தைக் கட்டியவர்களும், வள்ளத்தின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தவர்களும் ஆணிக்குப் பதில் கயிற்றை நம்பியதில் இந்த நன்மை அடங்கியிருக்கிறது.

இரும்பு ஆணிக்கு வேறொரு குறையும் உண்டு. கடல்நீரில் அது விரைவில் துருப்பிடிக்கிறது. துருவிலிருந்து வரும் இரும்பு, மரத்தில் உள்ள டானின் என்ற பொருளுடன் சேர்ந்து கறுப்புக் கறையை உண்டாக்குகிறது. நாளடைவில் ஆணியைச் சுற்றியுள்ள மரம் மென்மையாகிவிடும். மரத்தின் மேல் கறுப்பு வளையம் தெரிந்தால், உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று அறியலாம்.

புழுவும் பூஞ்சையும்

கடலில் கிடக்கும் மரத்துக்கு மற்றொரு பகைவன் கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. கண்ணுக்குத் தெரியாத அளவில் மரத்தில் ஒட்டி, ஊசித் துளை போட்டு உள்ளே நுழைந்து, வளர வளரத் துளையை அகலமாக்கிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் மரம் நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடு போலச் சல்லடையாகியிருக்கும். இது பெரும்பாலும் கடல்நீரில்தான் வாழும். மரத்தை அடிக்கடி கரையேற்றி உலர்த்தினால் இளம் புழுக்கள் பிழைக்க முடியாது. கட்டுமரத்தைக் காயவைப்பதன் இரண்டாவது பயன் இது.

கரையில் காத்திருக்கும் பகைவன் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரத்தை அழிக்கும் பூஞ்சை வளராது. முழுவதும் நீரில் மூழ்கிய மரத்திலும் அது வளர்வதில்லை. அங்கே போதிய ஆக்சிஜன் கிடைக்காது. காயாமலும் மூழ்காமலும் ஈரமாகக் கிடக்கும் மரமே அதற்கு விருந்து. குளத்தில் நட்ட கம்பம் நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில் முதலில் உளுத்துப்போவது இதனால்தான்.

333 ஆண்டு நனைந்த கப்பல்

சுவீடன் நாட்டின் வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆம் ஆண்டு தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 1961 ஆம் ஆண்டு அதை மேலே தூக்கினர். 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்தும் கப்பலின் மரம் பெரும்பாலும் உருக்குலையாமல் இருந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு. ஆகவே அங்கே கப்பற்புழு இல்லை.

ஆபத்து மேலே வந்த பிறகுதான் தொடங்கியது. கப்பலை அப்படியே காயவிட்டால் மரம் சுருங்கிப் பிளந்துவிடும். எனவே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளின் கரைசலை 17 ஆண்டுகள், 1979 வரை, அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தனர். அப்பொருள் மெல்ல மெல்ல நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு செல் சுவர்களைச் சுருங்காமல் தாங்கியது. நனைந்த மரத்தைக் காயவைப்பதில் அவசரம் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

அவசரத்தால் வரும் கேடு எப்படி நேர்கிறது? கடும் வெயிலில் வைத்தால் மரத்தின் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்க முயலும். உள்பகுதி இன்னும் வீங்கியே இருக்கும். சிறிய சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டியது போல மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கும். நாரின் முனைகள் திறந்திருக்கும் வெட்டுமுகத்தின் வழியே நீர், பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறுகிறது. ஆகவேதான் வெடிப்பு பெரும்பாலும் முனையிலிருந்து தொடங்குகிறது. இலேசான கட்டுமரத் தடியில் தோன்றும் சிறு வெடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். நேராக இருக்க வேண்டிய கருவியில் அது பெரிய பழுது.

நனைந்த மரக் கருவியை மீட்பது எப்படி?

ஈட்டித் துப்பாக்கித் தண்டானாலும், துடுப்பானாலும், மரப்பெட்டியானாலும் முறை ஒன்றுதான். துப்பாக்கி ஓர் ஆயுதம் என்பதை மறவாதீர்கள். ஈட்டியையும் ரப்பரையும் பெரியவர் ஒருவர் கழற்றிய பிறகே அதைத் தொடலாம்.

முதலில் திருகுகளையும் இரும்புப் பாகங்களையும் அகற்றுங்கள். பின்னர் நல்ல தண்ணீரால் மரத்தைக் கழுவுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. உப்பு தங்கிய மரம் லேசில் காயாது. மேலும் உப்புப் படிகங்கள் நார்களை நெம்பி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்.

அடுத்து, மரத்தை நிழலில், காற்று ஓடும் இடத்தில் வையுங்கள். தரையில் படும்படி வைக்காமல், ஒரே உயரமுள்ள மூன்று சட்டங்களின்மேல் கிடத்துங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப் பட வேண்டும். நாள்தோறும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். வெட்டுமுகங்களில் மெழுகு தடவி வைத்தால் அவை முந்திக் காய்வது தடைப்படும். வெயிலும் அடுப்பங்கரையும் வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும். நாள்தோறும் நிறுத்து எழுதி வாருங்கள். தொடர்ந்து சில நாட்கள் எடை மாறவில்லை என்றால், மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலை அடைந்துவிட்டது என்று பொருள். கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி; ஆகவே நம் ஊரில் மரம் முற்றிலும் நீரின்றிக் காய்வதில்லை. பருவமழைக் காலத்தில் இன்னும் பொறுமை தேவை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழைகளும் உண்டல்லவா?

இருபுறமும் சீராகக் காய்ந்ததும், ஒரு பக்க ஈரத்தால் வந்த வளைவு பெரும்பாலும் தானே குறைந்துவிடும். அதற்கு முன்பே பாரம் ஏற்றி நிமிர்த்த முயல்வது தவறு. வளைவு மாறாமல் நின்றாலோ, பட்டிகளை ஒட்டிய பசை விட்டிருந்தாலோ, நகத்தால் குத்தும்போது மரம் புதைந்தாலோ, அதை ஆசாரியிடம் காட்டுவதே நல்லது. உளுத்த மரத்தை எந்த எண்ணெயும் மீட்டுத் தராது.

கடைசி வேலை பாதுகாப்பு. உரிந்த பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவ வேண்டும். வெட்டுமுகம், திருகுத் துளை, காடி ஆகியவற்றுக்கு இரட்டைக் கவனம் தேவை. நீர் நுழையும் வாசல்கள் அவையே. ஈரம் காயுமுன் பூச்சுப் போட்டால் நீரை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. குவியல் தானே தீப்பற்றக்கூடும். துணியை நீரில் நனைத்து விரித்துப் போட வேண்டும். கேரளக் கரையில் வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுவது பழைய வழக்கம். அது தோலைப் புண்ணாக்கும். நீங்கள் கையாள வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஆசாரியிடமிருந்து ஒரே சட்டத்தில் அறுத்த, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று மரத்துண்டுகளை வாங்குங்கள். அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். ‘அ’வின் இரு வெட்டுமுகங்களிலும் உருக்கிய மெழுகுவர்த்தி மெழுகைத் தடவுங்கள். மூன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தில் நீருக்குள் அமிழ்த்தி 24 மணி நேரம் வையுங்கள். மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைக்கலாம்.

வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையை முதல் எடையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால், உறிஞ்சிய நீரின் விழுக்காடு கிடைக்கும். 200 கிராம் துண்டு 250 கிராம் ஆகியிருந்தால் 25 விழுக்காடு. மெழுகு பூசிய ‘அ’ எவ்வளவு குடித்தது? மற்றவை எவ்வளவு குடித்தன?

பிறகு ‘ஆ’வை வெயிலிலும் ‘இ’யை நிழலிலும் காயவிட்டு, ஒரு வாரம் எடையையும் அகலத்தையும் தினமும் குறியுங்கள். முனைகளில் வெடிப்புத் தோன்றுகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். நாட்களை ஒரு பக்கமும் எடையை ஒரு பக்கமும் வைத்து வரைபடம் வரைந்தால், எந்தக் கோடு வேகமாக இறங்குகிறது, எது மெதுவாக இறங்குகிறது என்பது தெரியும்.

மரத்தைக் கெடுப்பது வெறும் ஈரம் அன்று. ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்வதும், வெளிப்புறம் காய்ந்து உட்புறம் நனைந்திருப்பதுமே அதற்குக் கேடு. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றால், மழை மரத்தின்மேல் விழாதபடி தாழ இறங்கியிருக்கும் கூரையையும், காற்று நுழையும் மரப் பலகணிகளையும் கவனியுங்கள். நிழலும் காற்றும் மரத்தை எப்படிக் காக்கின்றன என்பதை அங்கேயே படிக்கலாம்.